காதாலும் பார்க்கிறோம்: கலை அனுபவத்தில் ஒலியும் மற்றப் புலன்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மேடை நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் ஒலி அமைப்பது என் வேலை. அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில், சிலவற்றுக்கு நாலே வரி. எனக்குப் பிடித்த கேள்விகளில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓவியத்தைக் கண்ணால்தானே பார்க்கிறோம்? அதில் காதுக்கு என்ன வேலை?

கண்ணால்தான். ஆனால் கண் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை. ஓவியக் கூடத்துக்குள் கால் வைத்ததும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தெருவில் கேட்காத உங்கள் செருப்புச் சத்தம் இங்கே சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. உடனே நடை தளர்கிறது, பேச்சு கிசுகிசுப்பாகிறது. ஒரு படத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் 'இது நிதானமாக நின்று பார்க்கிற இடம்' என்று காது சொல்லி முடித்துவிட்டது. அதே படத்தை இரைச்சல் நிறைந்த நடைபாதையில் மாட்டினால் எத்தனை பேர் இரண்டு நிமிடம் நிற்பார்கள்?

தொல்காப்பியம் உயிர்களை அறிவின் அடிப்படையில் அடுக்கும்போது தொடுதலில் தொடங்கி நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஏறி, ஆறாவதாக மனத்தை வைக்கிறது. அது கலையைப் பற்றிய பேச்சு அல்ல. ஆனாலும் மனத்துக்குப் பக்கத்து வீட்டில் செவியைக் குடிவைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒலி மாறினால் மனநிலை மாறும், சரி. பார்க்கிற காட்சியே மாறுமா?

மாறும். இதை நம்பாதவர்களுக்கு நான் கைபேசியில் ஒரு சிறிய அசைபடம் போட்டுக் காட்டுவேன். திரையில் இரண்டு வட்டுகள். ஒன்று இடப்பக்கத்திலிருந்தும் மற்றது வலப்பக்கத்திலிருந்தும் கிளம்பி, நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பிறகு பிரிந்து போகின்றன. சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் 'இரண்டும் குறுக்கே கடந்து போகின்றன' என்பார்கள். இப்போது அவை படியும் கணத்தில் 'டிக்' என்று ஒரு சின்ன ஒலியைச் சேர்க்கிறேன். 'அட, மோதித் திரும்புகிறதே!' என்கிறார்கள். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கடந்து போன கதை, மோதிக்கொண்ட கதையாக மாறியதற்கு அந்த 'டிக்' ஒன்றுதான் காரணம்.

இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. ராபர்ட் செக்யூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட சோதனை. 2000இல் லதன் ஷம்ஸ் குழுவினர் இன்னொன்று செய்தார்கள்: திரையில் ஒரே ஒரு முறை ஒளி மின்னுகிறது, கூடவே 'பீப்' ஒலி இரண்டு முறை. பார்த்தவர்கள் இரண்டு மின்னல்கள் கண்டதாகச் சொன்னார்கள். இல்லாத ஒன்றைக் கண்ணுக்குக் காட்டியது காது.

இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு சண்டைக் காட்சிகளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அடி விழுவதை நாம் பார்ப்பதே இல்லை. கை முகத்துக்கு அரையடி தள்ளிப் போகிறது. 'டப்' என்ற ஓசைதான் அதை முகத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

காதுக்கு ஏன் இவ்வளவு அதிகாரம்?

நேரத்தை அளப்பதில் காது கெட்டிக்காரத்தனம் காட்டும். ஒலியின் நடுவே சில மில்லிநொடிகளே இடைவெளி விழுந்தாலும் பிடித்துவிடும். கண்ணுக்கு அந்த அவசரம் கிடையாது. நொடிக்கு 24 நிலைப்படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் ஓடும் படம் என்று ஒப்புக்கொண்டுவிடும். 'எப்போது நடந்தது, எத்தனை முறை நடந்தது' என்ற கேள்வி வந்தால் மூளை காதின் சாட்சியத்தைத்தான் நம்புகிறது.

அந்த 24 என்ற எண்ணே காதுக்காக வந்ததுதான். மௌனப்பட காலத்தில் ஒரே வேகம் என்ற கண்டிப்பு இல்லை. கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 ஃபிரேமாகவும் இருக்கும், 20ஆகவும் இருக்கும். திரையிடுபவர் தன் அவசரத்துக்குக் கூட்டிக் குறைத்தும் ஓட்டுவார். கண் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1920களின் கடைசியில் படத்தோடு ஒலியும் சேர்ந்து ஓடத் தொடங்கியதும் அந்தச் சலுகை போயிற்று. வேகம் கொஞ்சம் தடுமாறினாலும் குரலின் சுருதி ஏறி இறங்கும், அரங்கம் முழுக்க முகம் சுளிக்கும். 24 என்று நிலைபெற்றது அப்போதுதான்.

அப்படியானால் காது எப்போதும் கண்ணை ஜெயித்துவிடுமா?

இல்லை. இடம் எது என்ற கேள்வியில் கண்தான் முதலாளி. பொம்மை பேசுவதாக நாம் நம்புவது அதனால்தான்: வாய் அசைவது பொம்மைக்கு; குரல் வருவது பக்கத்தில் இருப்பவரிடமிருந்து; ஆனாலும் குரலைத் தூக்கிக்கொண்டுபோய் அசையும் வாயில் வைத்துவிடுகிறது மூளை. திரைப்படத்தில் நடிகர் இடக்கோடியில் நின்று பேசினாலும் குரல் நடுவிலிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. யாராவது புகார் சொல்லியிருக்கிறார்களா?

பேச்சிலும் கண் தலையிடும். ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976இல் காட்டியது இது: உதடுகள் 'க' என்று அசையும் படத்தோடு 'ப' என்ற ஒலியைச் சேர்த்தால், பலருக்கு இரண்டும் இல்லாமல் 'ட' என்று கேட்கிறது. (மூன்றையும் கனத்த ஒலியாகப் படித்துக்கொள்ளுங்கள், நம் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை.) கண்ணை மூடினால் 'ப'. திறந்தால் 'ட'. காரணம் தெரிந்த பிறகும் அப்படித்தான் கேட்கும்.

இசைக்காரர்களைச் சங்கடப்படுத்தும் ஆய்வு ஒன்றும் உண்டு. பியானோ போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளைக் காட்டி, யார் வென்றிருப்பார் என்று ஊகிக்கச் சொன்னார் சியா ஜங் சாய். ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியே இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் அதிகம் சரியாகச் சொன்னார்கள். 2013இல் வெளிவந்த முடிவு. தொழில்முறைக் கலைஞர்களிடமும் இதே கதைதான். கச்சேரியைக் கேட்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு பாதி பார்க்கத்தான் போகிறோம்.

படத்தில் கேட்கிற காலடி, மழை, கதவு எல்லாம் அங்கேயே பதிவானதுதானே?

பெரும்பாலும் இல்லை. படம் முடிந்த பிறகு ஒரு அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே அந்த ஓசைகளைக் கையாலும் காலாலும் எழுப்பிச் சேர்ப்பார்கள். இந்தத் தொழிலுக்கு 'ஃபோலி' என்று பெயர். ஹாலிவுட்டில் இதை வளர்த்த ஜேக் ஃபோலியின் பெயர்தான் அப்படியே நின்றுவிட்டது. பனியில் நடக்கும் ஓசைக்குச் சோளமாவுப் பையை அழுத்துவார்கள், குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை, எலும்பு முறிவதற்குப் புதிய காய்கறித் தண்டு. உண்மையான ஓசையைப் பதிவுசெய்து போட்டால் பல நேரம் அது பொய்யாக ஒலிக்கும் என்பதுதான் இதில் வேடிக்கை.

என் அனுபவத்தில் ஒன்று. ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சியில் மனைவி கோபமாக வெளியேறிக் கதவை அறைந்து சாத்த வேண்டும். மேடைக் கதவு தெர்மோகோல், சாத்தினால் 'பொதுக்' என்று சத்தம் வரும். அதனால் ஓசை என் கையில். மூன்று கதவுகளைப் பதிவுசெய்து வைத்திருந்தேன். பழைய மரக்கதவு கனமாக 'தொம்' என்றது. அது சாத்தினால் அவள் திரும்பி வரவே மாட்டாள். ஸ்பிரிங் வைத்த கதவு இரண்டு முறை ஆடி நின்றது. அவள் ஒருவேளை திரும்பக்கூடும். தாழ்ப்பாள் விழும் இரும்புக் கதவு ஒன்று. அது கணவனைச் சிறையில் போட்டதுபோல் இருந்தது. இயக்குநர் ஒரு மணிநேரம் யோசித்து ஸ்பிரிங் கதவைத் தேர்ந்தெடுத்தார். வசனத்தில் எழுதாத முடிவு கதவில் எழுதப்பட்டது.

முதல் நாள் காட்சியில் நான் பொத்தானை அழுத்த அரை நொடி தாமதமாகிவிட்டது. கதவு சாத்தியாகிவிட்டது, அமைதி, பிறகு 'தட்'. அரங்கம் கொல்லென்று சிரித்தது. அழ வேண்டிய இடம் அது! திரைக்குப் பின்னால் அந்த நடிகை வந்து, "அண்ணே, நான் ஒரு கதவைச் சாத்தினேன், நீங்க இன்னொரு கதவைச் சாத்தினீங்க" என்றார். இத்தனை ஆண்டுகளில் என் வேலையைப் பற்றி யாரும் சொன்ன மிகச் சரியான விமர்சனம்.

பின்னணி இசை போட்டு அழவைப்பது ஏமாற்று வேலை இல்லையா?

சில நேரம் ஆமாம். காட்சியில் இல்லாத சோகத்தை வயலின் தூக்கிக்கொண்டு வந்து கொட்டினால் அது கூலிக்கு மாரடிப்பது. ஆனால் இசையை நிறுத்துவதும் ஒலி அமைப்புதான் என்பதை மறக்கக்கூடாது. பத்து நிமிடம் தொடர்ந்து ஒலித்த ஒன்று சட்டென நிற்கும்போது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும். கேட்பவருக்கு யாரும் எதையும் ஊட்டவில்லை.

கட்டடம் இசையை மாற்றுமா?

மாற்றும்; சில வேளை இசை எப்படி இருக்க வேண்டும் என்பதையே கட்டடம்தான் முடிவு செய்யும். இஸ்தான்புல்லில் 537இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்ட ஹாகியா சோஃபியாவில் ஒரு ஓசை எழுந்தால் அது முற்றாக அடங்க ஏறத்தாழ 11 நொடி ஆகிறது. அங்கே வேகமாகப் பேசினால் முதல் சொல்லின் மேல் பத்தாவது சொல் வந்து உட்காரும், ஒன்றும் புரியாது. ஆனால் ஒரே சுரத்தை நீட்டிப் பாடினால், பாடியவர் நிறுத்திய பிறகும் குவிமாடம் பாடிக்கொண்டிருக்கும். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே பலூன்களை உடைத்து, அந்த வெடிப்பு எப்படிப் பரவி அடங்குகிறது என்று பதிவு செய்தார்கள். அந்தப் பதிவை வைத்துக் கணினியில் அதே எதிரொலிப்பை உருவாக்கி, வேறொரு கண்டத்தில் இருக்கும் பாடகர்களை 'ஹாகியா சோஃபியாவுக்குள்' பாடவைத்தார்கள்.

இதைக் கணக்காக்கியவர் வாலஸ் சாபின். ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. 1895இல் அதைச் சரிசெய்யச் சொல்லி இந்த இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். ஊர் அடங்கிய இரவுகளில் ஒரு ஆர்கன் குழாயும் நிறுத்துக் கடிகாரமும் வைத்துக்கொண்டு, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். வெறும் கூடத்தில் ஐந்தரை நொடி. மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. கூடத்தின் பருமனுக்கும் உள்ளே ஒலியை உறிஞ்சும் பொருள்களுக்கும் உள்ள உறவு அதிலிருந்து பிறந்தது. அந்தக் கணக்கை வைத்து வடிவமைக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி ஹால் 1900இல் திறக்கப்பட்டது; இன்றும் உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

உங்கள் உடம்பும் அந்தக் கணக்கில் உண்டு. காலி அரங்கில் ஒத்திகை பார்த்து வைத்த ஒலி அளவு, ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் மங்கும். துணியும் தோலும் ஒலியைக் குடித்துவிடும்.

ஒலியே சிற்பமாக முடியுமா?

ஜானெட் கார்டிஃப் 2001இல் செய்த படைப்பில் ஒரு அறை, அதில் 40 ஒலிபெருக்கிகள், அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் டாலிஸ் நாற்பது குரல்களுக்காக எழுதிய பாடலை ஒவ்வொரு குரலாகத் தனித்தனியே பதிவுசெய்து, ஒரு குரலுக்கு ஒரு பெட்டி என்று முட்டைவடிவமாக நிறுத்தியிருக்கிறார். நடுவில் நின்றால் கடல். ஒரு பெட்டியின் அருகே காதைக் கொண்டுபோனால் ஒரே ஒரு மனிதர், மூச்சு வாங்கும் ஓசையோடு. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அவர்கள் இருமுவதும் ஊர்க்கதை பேசுவதும்கூடக் கேட்கும். பாடலுக்குள் நடந்து போகலாம் என்பது அங்கே உவமை இல்லை.

மேக்ஸ் நியூஹாஸ் வேறு வழியில் போனார். 1977இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், சாலை நடுவிலிருக்கும் ஒரு முக்கோணத் திட்டில், காற்றுப்போக்கிக் கம்பிவலைக்குக் கீழே ஒரு ரீங்காரத்தை வைத்தார். பெயர்ப்பலகை இல்லை, விளக்கம் இல்லை. பெரும்பாலோர் மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். யாராவது ஒருவர் நின்று, 'இதென்ன, மணி அடித்து ஓய்ந்த மாதிரி?' என்று குனிந்து பார்த்தால், அவருக்கு மட்டும் அது கலை. 1992இல் நின்றுபோய், 2002இல் மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது.

சிலர் இசையைக் கேட்டால் நிறம் தெரிகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சினெஸ்தீசியா என்பார்கள்; ஒரு புலன் தூண்டப்பட்டால் இன்னொன்றும் தானாக விழித்துக்கொள்ளும். சிறுபான்மையினருக்கே உண்டு; நோய் அல்ல. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்கிரியாபின் 1910இல் முடித்த ஓர் இசைக்கோவையில் வண்ண ஒளி எழுப்பும் விசைப்பலகைக்கு என்றே ஒரு வரியைச் சேர்த்து எழுதினார். ஓவியர் கான்டின்ஸ்கி 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்டுவிட்டு வந்து அதை வரைந்தார்: கறுப்பாகச் சாய்ந்து நிற்கும் பியானோ, அதன்மேல் வெள்ளமாய்ப் பாயும் மஞ்சள். இவர்களுக்கு அந்த உணர்வு பிறவியிலேயே இருந்ததா, கற்பனையில் வளர்த்ததா என்ற வாதம் ஓயவில்லை. எனக்கு அது முக்கியமாகவும் படவில்லை.

ஏனென்றால் லேசான அளவில் எல்லோருமே அப்படித்தான். கூர்முனைகள் உள்ள ஒரு வடிவத்தையும் குமிழ்குமிழான ஒரு வடிவத்தையும் காட்டி, 'இதில் எது கிக்கி, எது பூபா?' என்று கேளுங்கள். பெரும்பாலோர் கூரானதைக் 'கிக்கி' என்பார்கள். 1929இல் வுல்ஃப்காங் கோலர் வேறு சொற்களோடு தொடங்கிவைத்த சோதனை இது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 'சலசல', 'படபட' ஓசையைச் சொல்கின்றன, சரி. 'பளபள', 'மினுமினு', 'தகதக'? ஒளிக்கு ஏது சத்தம்? 'வழவழ', 'சொரசொர' கைக்கு, 'கமகம' மூக்குக்கு. ஓசையில்லாத எல்லாவற்றுக்கும் ஓசை கொடுத்து வைத்திருக்கிறோம். 'சொரசொர' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள், நாக்கே உரசும். எழுத்துகளைக்கூட வல்லினம், மெல்லினம் என்று தொட்டுப் பார்த்தல்லவா பிரித்திருக்கிறது நம் இலக்கணம்!

காது கேளாதவர்கள், பார்வையற்றவர்கள் நிலை என்ன? பாதி அனுபவம்தானா?

பாதி என்று யார் அளந்தது? ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளெனி 12 வயதுக்குள் கேட்கும் திறனை ஏறக்குறைய முழுதாக இழந்தவர். உலகம் சுற்றும் தாளவாத்தியக் கலைஞர் அவர். மேடையில் செருப்புப் போடுவதில்லை. தரையிலிருந்து வரும் அதிர்வைப் பாதத்தில் வாங்குகிறார். தாழ்ந்த சுரங்கள் காலிலும் இடுப்பிலும், உயர்ந்தவை முகத்திலும் கழுத்திலும் தெரிவதாகச் சொல்கிறார். இதில் அதிசயம் எதுவும் இல்லை. பெரிய ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றிருக்கிறீர்களா? நெஞ்சுக்கூடு அதிர்ந்ததல்லவா, அதைத்தான் அவர் நுணுக்கமாகக் கற்றுவைத்திருக்கிறார்.

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015இல் ஆறு ஓவியங்களின் புடைப்புப் பிரதிகளைச் செய்து, 'கை வைத்துப் பாருங்கள்' என்று வைத்தது. அந்த ஆறில் ஒன்று கொரெஜ்ஜோ வரைந்தது. அதன் தலைப்பு: 'என்னைத் தொடாதே'.

வாசனையை ஏன் கலைக்குள் கொண்டுவரவில்லை?

கொண்டுவந்து பார்த்தார்கள். 1960இல் அமெரிக்காவில் ஒரு படத்துக்கு 'ஸ்மெல்-ஓ-விஷன்' என்று இருக்கைக்கு இருக்கை குழாய் இழுத்து மணம் அனுப்பினார்கள். சிலருக்கு மணம் தாமதமாக வந்தது. வரும்போது 'உஸ்' என்ற சத்தத்தோடு வந்தது. அத்தோடு சரி. காட்சியை வெட்டலாம், ஒலியை நிறுத்தலாம், மணத்தைத் திரும்ப அழைக்க முடியாது. அடுத்த காட்சியிலும் உட்கார்ந்திருக்கும்.

சில இசையைக் கேட்டால் உடம்பு சிலிர்ப்பது ஏன்?

மாண்ட்ரியால் ஆய்வாளர்கள் 2011இல், சிலிர்ப்பு வரும்போது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதைப் படம்பிடித்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும், மூளையின் வேறொரு பகுதியில், சுரக்கிறது. தெரிந்த பாட்டுதான் அதிகம் சிலிர்க்கவைக்கிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. எல்லோருக்கும் சிலிர்க்காது, சிலிர்க்காதவர் ரசனை குறைந்தவர் என்று பொருளும் இல்லை.

காதைப் பழக்க ஏதாவது பயிற்சி உண்டா?

நன்றாகத் தெரிந்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள். மூன்றாவதாக இரண்டையும் சேர்த்து. இரண்டாம் முறையில்தான் புதையல். அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது இதுவரை தெரிந்திருக்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து அந்த மின்விசிறியை அங்கே ஓடவிட்டிருக்கிறார்.

ஒலியே இல்லாத கலை உண்டா?

இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952இல் எழுதிய '4 நிமிடம் 33 நொடி'யில் கலைஞர் ஒரு சுரமும் வாசிப்பதில்லை. நியூயார்க் மாநிலத்தில் மரங்களுக்கு நடுவே, பின்பக்கம் திறந்திருந்த ஒரு அரங்கில் டேவிட் டியூடர் பியானோ முன்னால் வந்து உட்கார்ந்தார், மூடியைச் சாத்தினார், கடிகாரத்தைப் பார்த்தார். முதல் பகுதியில் வெளியே காற்று. இரண்டாவதில் கூரையில் மழைத்துளிகள். மூன்றாவதில் ஜனங்களே முணுமுணுத்துக்கொண்டு எழுந்துபோனார்கள். ஒலி இல்லாத நொடி ஒன்றுகூட இல்லை.

ஒன்பது ஆண்டு கழித்து சிற்பி ராபர்ட் மாரிஸ் ஒரு சின்ன வால்நட் மரப்பெட்டி செய்தார். செய்யும்போது எழுந்த அறுக்கும், தட்டும், உரசும் ஓசைகளையெல்லாம் பதிவுசெய்து அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினார். மூன்றரை மணிநேரப் பதிவு. பார்க்க வந்த கேஜிடம் அதை ஒலிக்கவிட்டபோது, அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றரை மணிநேரமும் எழுந்திருக்காமல் கேட்டாராம்.